மூலையில் 1,400 மெகாபாஸ்கல்: வெப்பத் தகைவுக் கணக்கு எங்கே பிசகுகிறது?

கேள்வி: 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒன்று (சுவர்த் தடிப்பு 6 மி.மீ.) 20 மி.மீ. கார்பன் ஸ்டீல் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. 20 டிகிரியில் இருக்கும் குழாய்க்குள் 250 டிகிரி எண்ணெய் திடீரெனப் பாய்கிறது. பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் அபாகஸ் மென்பொருளில் முதலில் 600 விநாடிக்கு வெப்பக் கணக்கு, பிறகு அந்த வெப்பநிலைகளை எடுத்துக்கொண்டு தகைவுக் கணக்கு (பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் வரும் விசை) என்று செய்கிறேன். தகட்டின் அடிப்பரப்பை முழுதாக ஃபிக்ஸ் செய்திருக்கிறேன் (அசையாமல் பூட்டியிருக்கிறேன்). அடி விளிம்பில் 1,400 மெகாபாஸ்கல் வருகிறது. மெஷ்ஷின் (துண்டு வலையின்) துண்டளவைப் பாதியாக்கினால் 1,900. எண்ணெய் வரும் முன்பே தகட்டின் அடியில் 70 மெகாபாஸ்கல் காட்டுகிறது. முதல் சில விநாடிகளில் குழாய்ச் சுவரில் சில நோடுகள் (துண்டுகள் சேரும் புள்ளிகள்) 11 டிகிரிக்கு இறங்குகின்றன. பிளாஸ்டிக் பண்புகளை (உலோகம் நிரந்தரமாக நெளிவதை) கொடுத்தால் கணக்கு பாதி வழியில் நின்றுவிடுகிறது. நிஜத்தில் இதே அமைப்பு விரிசல் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கே தவறு?

பதில்: ஓர் இடத்தில் அல்ல, நான்கு இடங்களில். நான்கும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருப்பதால்தான் எதைத் திருத்தினாலும் விடை மாறாதது போலத் தெரிகிறது. மெஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சூடான உலோகம் தடையில்லாமல் விரிந்தால் தகைவு பூஜ்யம். தடுக்கப்பட்ட விரிவுதான் தகைவாகிறது. ஆகவே இந்தக் கணக்கில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இங்கே விரிவைத் தடுப்பது எது என்பதுதான். அது நிஜத்தில் இருக்கும் பொருளா, அல்லது நீங்கள் மாடலில் வைத்த நிபந்தனையா?

இதைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. பெரிய மாடலை மூடிவிட்டு, 10 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை ஒரே எலிமென்ட்டாக (துண்டாக) செய்யுங்கள். யங் குணகம் (பொருளின் விறைப்பு) 2,10,000 மெகாபாஸ்கல், பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும் பங்கு) 0.3, விரிவுக் கெழு டிகிரிக்கு ஒரு மில்லியனில் 12 பங்கு. 100 டிகிரி சூடேற்றுங்கள். எதுவும் தடுக்காவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 0.012 மி.மீ. நீளும், தகைவு பூஜ்யம். ஒரு திசையில் மட்டும் தடுத்தால் 252 மெகாபாஸ்கல் அமுக்கம். இரண்டு திசைகளில் தடுத்தால் அதை 0.7-ஆல் வகுத்து 360. மூன்று திசைகளிலும் தடுத்தால் 0.4-ஆல் வகுத்து 630. இந்த நான்கு எண்களும் வரவில்லை என்றால் பிழை பொருள் பண்புகளிலோ அலகுகளிலோ இருக்கிறது. பெரிய மாடலில் அதைத் தேடுவது நேர விரயம்.

மூன்றாவது தடுப்பில் ஒரு பொறி உண்டு. எல்லாத் திசையிலும் சமமாக 630 இருக்கும்போது வான் மீசஸ் தகைவு (பொருள் நெளியுமா என்று பார்க்க எல்லாத் திசைத் தகைவுகளையும் சேர்த்துக் கணக்கிடும் ஒற்றை எண்) பூஜ்யம். வண்ணப்படம் நீல நிறத்தில் நிம்மதியாகத் தூங்கும். வெப்பக் கணக்குகளில் வான் மீசஸை மட்டும் பார்த்து ‘சரி’ என்று முடிவு செய்வது ஆபத்து. முதன்மைத் தகைவுகளையும் (ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் தனித்தனியாக வரும் இழுவை, அமுக்கம்) சேர்த்துப் பாருங்கள்.

இனி உங்கள் 1,400. தகட்டின் அடிப்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு நோடையும் நகரவிடாமல் பிடித்திருக்கிறீர்கள். அப்படிப் பிடித்தால் அந்தப் பரப்பு இரண்டு திசைகளிலும் விரிய முடியாது. தகடு 200 டிகிரி சூடேறினாலே மேலே சொன்ன கணக்குப்படி 720 மெகாபாஸ்கல். விளிம்பில் நிலைமை இன்னும் மோசம். பிடிபட்ட பரப்பும் சுதந்திரமான பக்கவாட்டுப் பரப்பும் சந்திக்கும் கோட்டில் தகைவுக்குக் கணித ரீதியாக உச்ச வரம்பே கிடையாது. மெஷ் எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவுக்கு எண் ஏறும். பாதியாக்கியதும் 1,400 என்பது 1,900 ஆனது இதனால்தான். மறுபடி பாதியாக்கினால் இன்னும் ஏறும். அந்த எண்ணை எவரிடமும் காட்டாதீர்கள். அதற்குப் பொருள் இல்லை.

ஃபிக்ஸ் செய்வது எந்த அளவுக்குப் பொய் சொல்லும் என்பதற்கு ஒரு கணக்கு. 300 மி.மீ. நீளமும் 20 × 100 மி.மீ. குறுக்குவெட்டும் உள்ள எஃகுத் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விறைப்பு மி.மீ.-க்கு 14,00,000 நியூட்டன். இரு முனைகளையும் அசையாமல் பிடித்து 200 டிகிரி சூடேற்றினால் 504 மெகாபாஸ்கல். ஆனால் ஒரு முனையைப் பிடித்திருக்கும் தாங்கியின் விறைப்பு மி.மீ.-க்கு 1,00,000 நியூட்டன் என்றால், தகைவு அதில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 34 மெகாபாஸ்கல். மி.மீ.-க்கு ஒரு லட்சம் நியூட்டன் என்பது ஒன்றும் தொளதொளப்பான தாங்கி அல்ல. அப்படியிருந்தும் இவ்வளவு வித்தியாசம். எடை, அழுத்தம் போன்ற விசைக் கணக்குகளில் தாங்கியை முழு விறைப்பாக எடுப்பதால் பெரும்பாலும் பெரிய கேடு வராது. வெப்பக் கணக்கில் அதே பழக்கம் விடையைப் பத்து மடங்கு மாற்றிவிடும். விசைக் கணக்கில் பழகிவந்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

ஆகவே தகடு நிஜத்தில் எதன்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தின்மேல் வெறுமனே வைத்து போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருந்தால், அடிப்பரப்பில் உராய்வுள்ள தொடர்பு கொடுத்து, சட்டத்தையும் மாடலில் சேர்ப்பதே சரி. சட்டத்தைச் சேர்க்க முடியாவிட்டால் அதன் விறைப்பைத் தனியாகக் கணக்கிட்டு ஸ்பிரிங்குகளாகக் கொடுங்கள். தகடு தாராளமாக விரியும் அமைப்பு என்றால் மூன்று-இரண்டு-ஒன்று முறை போதும். ஒரு மூலை நோடில் மூன்று திசை நகர்வுகளையும் பூட்டுங்கள். அதிலிருந்து நீளவாக்கில் உள்ள இரண்டாவது நோடில் அகலவாக்கு, உயரவாக்கு நகர்வுகள் இரண்டையும் பூட்டுங்கள். அதே தளத்தில், அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள மூன்றாவது நோடில் உயரவாக்கு நகர்வை மட்டும் பூட்டுங்கள். மொத்தம் ஆறு. பொருள் மொத்தமாக நகராது, சுழலாது. விரிவு மட்டும் தடைபடாது. சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க, அந்த ஆறு இடங்களிலும் எதிர்விசைகளைக் கேளுங்கள். வெளி விசை ஏதும் இல்லாத மாடலில் அவை நடைமுறையில் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நியூட்டன் வந்தால் எங்கோ கூடுதலாக ஒன்றைப் பூட்டியிருக்கிறீர்கள்.

போல்ட் துளையைச் சுற்றி சிலந்தி போல இழுத்த விறைப்பான இணைப்புகள் இருந்தால் அவற்றையும் சந்தேகியுங்கள். நாஸ்ட்ரான் மென்பொருளின் ஆர்பிஇ2, அபாகஸின் கைனமாட்டிக் கப்ளிங் போன்றவை தாமாக விரிவதில்லை. சுற்றியுள்ள உலோகம் விரியும், சிலந்தி விரியாது; துளையைச் சுற்றி பொய்யான தகைவு வளையம் ஒன்று முளைக்கும். ஆர்பிஇ2-வில் விரிவுக் கெழு கொடுக்கும் புலம் இருக்கிறது. இல்லையேல் ஆர்பிஇ3, டிஸ்டிரிபியூட்டிங் கப்ளிங் போன்ற, பரப்பை இறுக்கிப் பிடிக்காத இணைப்புக்கு மாறுங்கள்.

எண்ணெய் வரும் முன்பே தெரியும் 70 மெகாபாஸ்கல் இரண்டாவது கோளாறு. இது துப்பறிய எளிது. இரு திசைத் தடுப்பில் 20 டிகிரிக்கு எவ்வளவு? 100 டிகிரிக்கு 360 என்றால் 20-க்கு 72. உங்கள் மாடல் பூஜ்யம் டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குச் சூடேறியதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. வெப்பக் கணக்கில் தொடக்க வெப்பநிலை 20 என்று கொடுத்திருப்பீர்கள். தகைவுக் கணக்கு தனிக் கோப்பு, அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அபாகஸ் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். அன்சிஸ் மென்பொருளில் இதே வேலையைக் குறிப்பு வெப்பநிலை செய்கிறது: கட்டளை வழியில் அதன் முன்னிருப்பு மதிப்பு பூஜ்யம், வொர்க்பெஞ்ச்சில் சூழல் வெப்பநிலை 22 டிகிரி. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாடலை மாற்றும்போது விடை கொஞ்சம் மட்டும் மாறினால் முதலில் இங்கே பாருங்கள்.

பொருள் எந்த வெப்பநிலையில் தகைவின்றி இருந்ததோ அதுதான் தொடக்கப் புள்ளி. அது எப்போதும் அறை வெப்பநிலையாக இருப்பதில்லை. 120 டிகிரியில் கெட்டிப்படுத்திய பசை இணைப்பு, அறை வெப்பநிலைக்கு வந்ததும் தகைவோடுதான் இருக்கும். உங்கள் பற்றவைப்பிலும் எச்சத் தகைவு உண்டு. ஆனால் அதைப் பிடிக்கத் தொடக்க வெப்பநிலையை மாற்றி வித்தை காட்ட வேண்டாம். அது தனிக் கணக்கு.

விரிவுக் கெழு அட்டவணையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். கையேடுகளில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, ‘20 முதல் 300 டிகிரி வரை சராசரி’ என்று போடப்பட்ட சராசரிக் கெழு. இன்னொன்று, குறிப்பிட்ட வெப்பநிலையில் உள்ள கணக் கெழு. அபாகஸும் கால்குலிக்ஸ் மென்பொருளும் சராசரிக் கெழுவைத்தான் எதிர்பார்க்கின்றன. அன்சிஸ் இரண்டையும் ஏற்கும், ஆனால் எது என்று சொல்ல வேண்டும். கணக் கெழு 20 டிகிரியில் 15-ஆக இருந்து 500 டிகிரியில் 18-ஆக நேர்கோட்டில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். 20 முதல் 500 வரை சராசரி 16.5. அந்த இடத்தில் 18-ஐப் போட்டால் விரிவு 9 சதவீதம் கூடிவிடும். ‘ஏதோ கொஞ்சம் அதிகமாக வருகிறது’ என்று தலையைச் சொறிய வைக்கும் வகைப் பிழை இது.

சராசரிக் கெழு எந்த வெப்பநிலையிலிருந்து அளக்கப்பட்டது என்பதும் முக்கியம். அபாகஸில் எக்ஸ்பான்ஷன் கட்டளையின் ஸீரோ என்ற அளவுரு அதற்குத்தான். அட்டவணை 20 டிகிரியிலிருந்து அளக்கப்பட்டது என்றால் அங்கே 20. தொடக்க வெப்பநிலை அதிலிருந்து வேறாக இருந்தால் மென்பொருளே கழித்துக்கொள்ளும். கெழு வெப்பநிலையோடு மாறாத ஒற்றை எண் என்றால் இந்த அளவுருவால் எதுவும் மாறாது. அதனால்தான் எளிய சோதனை மாடலில் எல்லாம் சரியாக வந்து, முழு அட்டவணை கொடுத்ததும் விடை பிசகும். அன்சிஸில் அளந்த வெப்பநிலையும் குறிப்பு வெப்பநிலையும் வேறாக இருந்தால் எம்பிஏமோட் கட்டளை மாற்றித் தரும்.

அடுத்து அந்த 11 டிகிரி நோடுகள். 20 டிகிரிக் குழாயும் 250 டிகிரி எண்ணெயும் மட்டுமே இருக்கும் இடத்தில் 11 டிகிரி என்பது இயற்பியலில் நடக்காது. இது நேரப் படியும் மெஷ்ஷும் ஒத்துப்போகாததன் அடையாளம். இரண்டாம் படி எலிமென்ட்டுகளில் (உள்ளே மதிப்பு வளைகோடாக மாறுவதாக எடுப்பவை; முதல் படியில் நேர்கோடு), எலிமென்ட் பெரிதாகவும் நேரப் படி மிகச் சிறிதாகவும் இருந்தால், வெப்பம் ஓர் எலிமென்ட்டுக்குள் பாதி தூரம்கூடப் போகாத நிலையை வளைகோடு ஒன்றால் பொருத்தப் பார்க்கும். அந்த வளைகோடு மறுபக்கம் கீழே தாழ்ந்துவிடும்.

இதற்குப் பழைய, நம்பகமான அளவுகோல் உண்டு. நேரப் படியின் கீழ் வரம்பு: அடர்த்தி × தன்வெப்பம் × எலிமென்ட் நீளத்தின் வர்க்கம் ÷ (6 × கடத்து திறன்). 316-க்குத் தோராயமாக அடர்த்தி 8,000, தன்வெப்பம் 500, கடத்து திறன் 15 என்று வையுங்கள் (மூன்றும் மீட்டர்-கிலோ அலகுகளில்). 5 மி.மீ. எலிமென்ட்டுக்கு 1.1 விநாடி. அதற்குக் கீழே படி வைத்தால் வெப்பநிலை ஊசலாடும். 0.1 விநாடிப் படி வேண்டும் என்றால் எலிமென்ட் நீளம் 1.5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். 6 மி.மீ. சுவரில் அது நான்கு அடுக்கு. கார்பன் ஸ்டீல் வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகப் பரப்பும். கடத்து திறன் 50 என்றால் 5 மி.மீ.-க்கே 0.3 விநாடிதான் வரம்பு. அதனால் தகட்டில் பெரிய எலிமென்ட்டும் குழாயின் உள்சுவரில் மெல்லிய அடுக்குகளும் போதும். மாடல் முழுவதையும் ஒரே அளவில் நொறுக்க வேண்டாம்.

நேரப் படியைப் பெரிதாக்கினாலும் ஊசல் போகும். ஆனால் உங்களுக்கு வேண்டிய முதல் சில விநாடிகளும் கூடவே போய்விடும். வெப்பக் கணக்குக்கு மட்டும் முதல் படி எலிமென்ட்டுகளுக்கு, அதாவது டிசி3டி8-க்கு, மாறுவது இன்னொரு வழி. அவற்றில் வெப்பக் கொள்ளளவு நோடுகளிலேயே குவிக்கப்படுவதால் இந்தத் தாழ்வு பெரும்பாலும் வராது. இதைத்தான் பரிந்துரைப்பேன்.

அப்படி மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். தகைவு மாடலில் சி3டி20ஆர் போன்ற இரண்டாம் படி எலிமென்ட் இருந்தால், அதன் நடுப்பக்க நோடுகளுக்கு வெப்பக் கணக்கில் இணை கிடையாது. வெப்பநிலையைப் படிக்கும்போது நடுநோடுகளுக்கு இடைக்கணிப்பு செய்யச் சொல்லும் மிட்சைட் தேர்வைக் கொடுக்க வேண்டும். இரு மெஷ்களும் முற்றிலும் வேறு என்றால் இன்டர்போலேட் தேர்வு. மறந்தால் நடுநோடுகள் தொடக்க வெப்பநிலையிலேயே நின்றுவிடும். சூடான நோடுக்கும் குளிர்ந்த நோடுக்கும் நடுவே செஸ் பலகை போலத் தகைவு மாறி மாறி வரும். அந்தச் செஸ் பலகை வடிவத்தைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிட வேண்டும். முதல் படி வெப்பம், இரண்டாம் படி இடப்பெயர்ச்சி என்ற ஜோடி உண்மையில் நல்ல ஜோடி. இடப்பெயர்ச்சி இரண்டாம் படியில் இருந்தால் திரிபு (நீளத்தோடு ஒப்பிட்ட நீட்சி) முதல் படியில்தான் இருக்கும். வெப்பத் திரிபும் அதே படியில் இருந்தால் இரண்டும் சண்டையிடாது.

தகைவு மாடலில் முதல் படி நான்முகிகளை (சி3டி4) மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை வளைவுக்கு மிகவும் விறைப்பானவை. அந்த விறைப்பே விரிவுக்குத் தடையாகி, இல்லாத தகைவை உண்டாக்கும். எந்த எலிமென்ட்டையும் சோதிக்க எளிய வழி: ஒரே பொருளாலான, எங்கும் பிடிக்கப்படாத கட்டியில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்கோட்டில் ஏறும் வெப்பநிலையைக் கொடுங்கள். கட்டி வளையும், ஆனால் தகைவு பூஜ்யமாக இருக்க வேண்டும். சி3டி4-இல் பூஜ்யம் வராது. எவ்வளவு வருகிறதோ அது அந்த எலிமென்ட் சொந்தமாகச் சேர்க்கும் பொய்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விடையை அதிகம் நிர்ணயிப்பது இதுதான். எண்ணெயை எப்படி மாடலில் கொடுத்தீர்கள்? உள்சுவரின் வெப்பநிலையை நேரடியாக 250 என்று வைத்துவிட்டால், உலகிலேயே மிகக் கடுமையான வெப்ப அதிர்ச்சியைக் கொடுக்கிறீர்கள். 316-க்கு யங் குணகம் 1,93,000, விரிவுக் கெழு 16 என்று எடுத்தால், 230 டிகிரித் தாவலுக்கு உள்பரப்பில் முதல் கணத்தில் சுமார் 1,015 மெகாபாஸ்கல் அமுக்கம். எண்ணெய்க்கும் சுவருக்கும் நடுவே வெப்பம் கடக்கும் வேகத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதைச் சொல்வது ஃபிலிம் கெழு. அது சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 1,000 வாட் என்றால், பயோட் எண் = ஃபிலிம் கெழு × சுவர்த் தடிப்பு ÷ கடத்து திறன் = 1,000 × 0.006 ÷ 15 = 0.4. வெளிப்பக்கம் வெப்பம் போகாமல் மூடிய சுவரில் இந்தப் பயோட் எண்ணுக்கு உச்சத் தகைவு, மேலே சொன்ன 1,015-இல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எலிமென்ட் வகையைப் பற்றி இரண்டு வாரம் விவாதிக்கும் குழுக்கள், ஃபிலிம் கெழுவை ஒரு நிமிடத்தில் யூகித்துப் போடுவது வழக்கம். எண்ணெயின் வேகம், குழாய் விட்டம், பாகுநிலை மூன்றையும் வைத்து முறையாகக் கணக்கிடுங்கள். பிறகு அதன் பாதிக்கும் இருமடங்குக்கும் ஓட்டிப் பாருங்கள்.

வெப்பம் சுவரைக் கடக்க எடுக்கும் காலம், தடிப்பின் வர்க்கத்தை வெப்பப் பரவல் கெழுவால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். 316-இல் பரவல் கெழு விநாடிக்கு 3.75 சதுர மி.மீ.; 6 மி.மீ. சுவருக்கு சுமார் 10 விநாடி. 20 மி.மீ. கார்பன் ஸ்டீலுக்கு சுமார் 30 விநாடி. குழாய்ச் சுவரில் உச்சத் தகைவு இந்த முதல் விநாடிகளுக்குள் வந்து போய்விடும். எல்லாம் நன்றாகச் சூடான 600-ஆவது விநாடியில் அங்கே பார்த்தால் ஒன்றும் இருக்காது. வெப்பக் கணக்கின் முடிவுகளை 60 விநாடிக்கு ஒருமுறை மட்டும் சேமித்திருந்தால், தகைவுக் கணக்கு நடுவில் நேர்கோடு போட்டுக்கொள்ளும். உச்சம் காணாமல் போகும். முதல் 30 விநாடிக்கு அரை விநாடி இடைவெளியில் சேமியுங்கள், பிறகு தளர்த்தலாம்.

இதோடு சேர்ந்த ஒரு சில்லறைப் பிழை: தகைவு ஸ்டெப்பின் (கணக்குக் கட்டத்தின்) நேரம் முன்னிருப்பாக 1. வெப்பக் கணக்கு 600 விநாடி ஓடியிருக்க, தகைவு ஸ்டெப்பை 1 என்றே விட்டால் முதல் ஒரு விநாடியின் வெப்பநிலைகள் மட்டுமே படிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. தகைவு ஸ்டெப்பின் நேரத்தையும் 600 ஆக்குங்கள்.

அலகுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். மி.மீ., டன், விநாடி, நியூட்டன் முறையில் கடத்து திறன் 15 என்பது 15-ஆகவே இருக்கும். தன்வெப்பம் 500 என்பது 50 கோடி ஆகும். அடர்த்தி 8,000 என்பது 8-ஐ நூறு கோடியால் இருமுறை அல்ல, ஒரே முறை வகுத்தது. ஃபிலிம் கெழு 1,000 என்பது 1 ஆகும். ஃபிலிம் கெழுவை மாற்ற மறந்து 1,000 என்றே விட்டால், சுவர் வெப்பநிலையை 250-இல் பூட்டியதற்குச் சமம். உங்கள் கோப்பில் இதை இன்றே பாருங்கள்.

கடைசியாக, பிளாஸ்டிக் கணக்கு ஏன் நிற்கிறது. முதல் காரணம், விளிம்பின் அந்தக் கணிதக் கூர்மைதான். ஒரு வரிசை எலிமென்ட் மட்டும் அளவுக்கு மீறி நெளிந்து கணக்கை இழுத்து நிறுத்துகிறது. அடிப்பரப்பை விடுவித்ததும் பெரும்பாலும் தானாக ஓடும். ஓடாவிட்டால் பண்பு அட்டவணையைப் பாருங்கள். 20 டிகிரிக்கு மட்டும் யீல்டு வலிமை (நிரந்தர நெளிவு தொடங்கும் தகைவு) கொடுத்திருந்தால், அபாகஸ் 250 டிகிரியிலும் அதையே வைத்துக்கொள்ளும். கணக்கு நிற்காது, ஆனால் விடை தவறாகும். மாறாக, யீல்டுக்குப் பிறகு தகைவு ஏறவே ஏறாத தட்டையான வளைகோடு கொடுத்திருந்தால் நிற்க வாய்ப்பு அதிகம். உண்மையில் உலோகத்துக்குச் சிறிதளவு கடினமாதல் உண்டு, அதைக் கொடுங்கள். முதல் வரியில் பிளாஸ்டிக் திரிபு பூஜ்யமாக இருக்க வேண்டும். மொத்தத் திரிபை அங்கே எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. முழு ஒருங்கிணைப்புள்ள (எலிமென்ட்டுக்குள் அதிகப் புள்ளிகளில் தகைவைக் கணக்கிடும்) சி3டி20 பிளாஸ்டிக் நிலையில் கன அளவு மாறாத நிபந்தனையால் பூட்டிக்கொள்ளும், குறை ஒருங்கிணைப்புள்ள சி3டி20ஆர் நல்லது. தானியங்கி நிலைப்படுத்தலை (கணக்கு நிற்காமலிருக்க மென்பொருள் சேர்க்கும் செயற்கைத் தடையை) போட்டுத்தான் ஓடுகிறது என்றால், அது செலவழித்த ஆற்றலை (ஆல்எஸ்டி) மொத்த உள் ஆற்றலோடு (ஆல்ஐஇ) ஒப்பிடாமல் விடையை நம்பாதீர்கள். ஓரிரு சதவீதத்துக்கு மேல் போனால், உங்கள் மாடலைத் தாங்கி நிற்பது மென்பொருள்தான், உலோகம் அல்ல.

பிளாஸ்டிக் கணக்கு ஓடிய பிறகு தகைவைவிடத் திரிபைப் பாருங்கள். 230 டிகிரிக்குக் கார்பன் ஸ்டீலின் முழு விரிவே 0.28 சதவீதம்தான். யீல்டு 250 மெகாபாஸ்கல் உள்ள எஃகு 0.12 சதவீதத்தில் நெகிழத் தொடங்கும். ஒரு திசையில் முழுதாகத் தடுத்தால்கூட மிஞ்சும் பிளாஸ்டிக் திரிபு 0.16 சதவீதம். உலோகம் அந்த அளவு நெளிந்ததும் தகைவு மேலே ஏறாது. வெப்பத் தகைவு தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வகை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதித்தொகுப்பின் எட்டாம் பிரிவு, இரண்டாம் பாகம் பொதுவான வெப்பத் தகைவை இரண்டாம் நிலைத் தகைவு என்று வகைப்படுத்தி, அழுத்தத் தகைவைவிட உயர்ந்த வரம்பு கொடுப்பது இதனால்தான். உங்கள் அமைப்பு விரிசல் இல்லாமல் ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் எண்ணெய் தினமும் நின்று நின்று வருகிறது என்றால், பார்க்க வேண்டியது ஒரு சூடேற்றத்தின் உச்சம் அல்ல, சூடேறி ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் திரிபு எவ்வளவு மாறுகிறது என்பது. ஆறும் நேரத்தையும் மாடலில் சேர்த்து, சில சுற்றுகள் ஓட்டி, பிளாஸ்டிக் திரிபு நின்றுவிடுகிறதா அல்லது சுற்றுக்குச் சுற்று கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் அமைப்பையே மாற்ற வேண்டும்.

இவ்வளவையும் திருத்திய பிறகும் ஓர் இடத்தில் தகைவு மிஞ்சும்: குழாயும் தகடும் சேரும் பற்றவைப்பு. அங்கே தடுப்பது உங்கள் நிபந்தனை அல்ல, பக்கத்துப் பொருள். 316-இன் கெழு 16, கார்பன் ஸ்டீலின் கெழு 12, வித்தியாசம் 4. 230 டிகிரிக்கு அது 0.092 சதவீதத் திரிபு, எஃகின் விறைப்பில் சுமார் 185 மெகாபாஸ்கல் அளவு. முழுவதும் ஒரே 250 டிகிரிக்கு வந்த பிறகும், எங்கும் பிடிக்காமல் விட்டாலும் இது போகாது. 600-ஆவது விநாடியில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். இரு பொருள் சந்திக்கும் நோடுகளில் தகைவைச் சராசரியாக்கிக் காட்டும் தேர்வை அணைத்துவிடுங்கள். இரு பக்கத்தின் எண்களும் நியாயமாகவே வேறுபடும், சராசரி இரண்டையும் மறைக்கும். இரு பொருளின் எல்லைக்கோடு வெளிப்பரப்பைத் தொடும் புள்ளியிலும், பற்றவைப்பின் கூர்மையான காலடியிலும் மெஷ்ஷோடு எண் ஏறிக்கொண்டே போகும். அங்கே பற்றவைப்பின் வளைவு ஆரத்தை வரைந்து துணை மாடலாகத் தனியே எடுங்கள். அல்லது காலடியிலிருந்து சற்றுத் தள்ளி, மெஷ்ஷோடு மாறாத இரண்டு புள்ளிகளில் தகைவை எடுத்துக் காலடிக்கு நீட்டிப் பாருங்கள்.

ஓட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் ஃபிலிம் கெழுவின் அலகும் தொடக்க வெப்பநிலையும். பிறகு அடிப்பரப்பை விடுவித்து, முழு மாடலையும் ஒரே 250 டிகிரியில் வைத்து மீள்மக் கணக்கு (நிரந்தர நெளிவைச் சேர்க்காதது): பற்றவைப்புச் சுற்றுவட்டாரம் தவிர மற்ற இடமெல்லாம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். அது தேறியதும் உண்மையான தாங்கி, பிறகு நேரம் சார்ந்த வெப்பநிலை, எல்லாம் ஒழுங்கான பிறகே பிளாஸ்டிக். தாங்கி தகட்டை ஓரங்களில் இறுக்கிப் பிடிப்பதாகத் தெரியவந்தால் பெரிய இடப்பெயர்ச்சிக் கணக்கை, அதாவது என்எல்ஜியோமை, இயக்குங்கள். 500 மி.மீ. சதுரமும் 5 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகுத் தகட்டின் நான்கு ஓரங்களும் விரியாமல் தடுக்கப்பட்டிருந்தால், ஓரங்கள் திரும்ப மட்டும் முடிகிற நிலையில் வெறும் 10.5 டிகிரி ஏறியதுமே தகடு புடைக்கத் தொடங்கும். அப்போது தகைவு 38 மெகாபாஸ்கல்தான். உங்கள் 20 மி.மீ. தகடு இவ்வளவு எளிதில் புடைக்காது. ஆனால் அதே சட்டத்தில் மெல்லிய உறைத் தகடுகள் இருந்தால் அவற்றில் வரும் தகைவை நேர்கோட்டுக் கணக்கில் படிக்க வேண்டாம்.